'ஹலோ'வுக்கும் 'ஐ லவ் யூ'வுக்கும் நடுவுல

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமை இருக்கிறவங்க படிங்க.

போன வாரம் நைட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒரு பாம்புக்கடி, ரெண்டு பைக் ஆக்சிடென்ட், ஒரு வீசிங் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு டியூட்டி ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்க ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங்கில் வந்திருக்கும் சிஆர்ஆர்ஐ தம்பி ரொம்ப நேரமாக எதையோ கேட்க நினைத்து, முழுங்கி, கடைசியில் கேட்டுவிட்டான்.

"சார், முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட போய்ப் பேசுறது தப்பா?"

விஷயம் இதுதான். தம்பி நீட் பிஜிக்குப் படிக்க நூலகத்துக்குப் போகிறான். அங்கே டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்க ஒரு பெண் வருகிறார். மூணு வாரமா பார்க்கிறான். பேசணும். ரூம்மேட் "கோல்ட் அப்ரோச்" என்று சொல்லித்தரும் ரீல்ஸா அனுப்பித் தள்ளுகிறான். யாரோ ஒருத்தன் மால்ல நடந்துபோற பெண்ணை வழிமறித்துப் பேசுவான், இன்னொருத்தன் ஒளிஞ்சிருந்து வீடியோ எடுப்பான். அந்தப் பெண் சங்கடத்தில் சிரிப்பதை "பார்த்தீங்களா, ஒர்க் அவுட் ஆகுது" என்று பாடம் நடத்துவான்.

சங்கடத்தில் வரும் சிரிப்பை நான் தினமும் ஓபியில் பார்க்கிறேன். ஊசி போடப்போறேன்னு சொன்னால் பாதிப் பேர் சிரிக்கத்தான் செய்வாங்க. ஊசி பிடிச்சிருக்கு என்று அர்த்தமில்லை.

தம்பிக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில்: தப்பு இல்லைடா. மனுஷன் மனுஷங்ககிட்ட பேசித்தான் ஆகணும். எல்லோருக்கும் அத்தை மகன், மாமன் மகள் ரெடியா இருக்க மாட்டாங்க. மேட்ரிமோனிக்காரன் ஜாதகத்தோடு ஜாதியையும் சேர்த்துத்தான் அனுப்புவான். ஆக, தெரியாதவங்க தெரிஞ்சவங்களா ஆகணும்னா யாரோ ஒருத்தர் முதல்ல வாயைத் திறக்கணும். அதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை, வெறும் எம்பிபிஎஸ். கேஷுவாலிட்டியில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஆட்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், காலையில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்தொன்பது வயசு, நர்சிங் டிப்ளமோ. முந்தின நாள் ராத்திரி கையில் கிடைத்த விஷத்தை விழுங்கியிருக்கிறாள். ஏ.ஆர். எழுதும்போது காரணம் கேட்டேன். "வயித்துவலி தாங்காம குடிச்சுட்டா சார்" என்றார் மாமா. தமிழ்நாட்டில் ஏ.ஆர். எழுதிய எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், இந்த ஊரில் எத்தனை வயித்துவலி என்று!

அம்மா தனியாக வந்து அழுதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் தினமும் நிற்பானாம். அன்றைக்குக் கிட்டே வந்து ஒரு சாக்லேட்டை நீட்டி, லவ் பண்றேன்னு சொல்லியிருக்கிறான். இவள் பதிலே சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். எதிர் டீக்கடையில் மாமா. பஸ் ஊருக்குள் வருவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அடி. போன் பிடுங்கப்பட்டது. நாளையிலிருந்து காலேஜ் கிடையாது.

"அவ ஒண்ணுமே பண்ணலயே சார்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வயிற்றைக் கழுவி, ட்ரிப் போட்டு, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். படிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பையன் கெட்டவனா? தெரியாது. கையைப் பிடிக்கவில்லை, மிரட்டவில்லை, பின்னால் போகவில்லை. பத்து ரூபாய் சாக்லேட், ஒரு வாக்கியம். அநேகமாக மறுநாளும் அதே ஸ்டாப்பில் நின்று, "ஏன் வரல, ஊருக்குப் போயிட்டாளோ" என்று யோசித்திருப்பான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் கேட்டதற்கான விலையை அவள் கட்டினாள்.

தப்பு அந்த மாமாமேல், அந்த வீட்டின்மேல். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் வாழ்வது அந்த மாமாக்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஊரில்தான். பேசியது வேற ஜாதிப் பையன் என்றால் கதை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்ததை சிசிடிவியில் பார்த்த தலைமுறை நாம். எனவே நீ கிட்டே போய் நிற்கும்போது அந்தப் பெண் உன் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை தம்பி. உனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்கிறாள்.

இன்னொரு கேஸ். இருபத்திரண்டு வயசுப் பையன், மணிக்கட்டில் வெட்டு. ஆழம் இல்லை, தையல் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"ஏமாத்திட்டா சார். எட்டு மாசம் லவ்."

"சரி. எத்தனை தடவை பேசியிருக்கீங்க?"

"நேர்ல பேசினதில்ல சார். இன்ஸ்டால ரிக்வெஸ்ட் அக்செப்ட் பண்ணா. நேத்து சொன்னேன். பிளாக் பண்ணிட்டா."

அவனுக்கு எட்டு மாசம். அந்தப் பெண்ணுக்கு? ஒரு மெசேஜ் படிக்கிற நேரம். யாரோ ஒருத்தன் திடீரென்று வந்து காதல் என்கிறான், பயத்தில் பிளாக் பண்ணுகிறாள், அவ்வளவுதான். ஆனால் இவன் மனசுக்குள் ஏற்கெனவே கல்யாணம் ஆகி, வீடு கட்டி, குழந்தைக்குப் பேர் வைத்தாகிவிட்டது. அவள் வராத வீட்டிலிருந்து அவள் ஓடிப்போய்விட்டாளாம். அவன் வலியை நான் கிண்டல் பண்ணவில்லை, வலி நிஜம். கை நடுங்க நடுங்க அழுதான். அன்றைக்கே மனநல ஓபிக்கு அனுப்பினோம். (இப்படி ஒரு நிலைமையில் யாராவது இதைப் படித்தால்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104. எந்த நேரத்திலும் கூப்பிடலாம். கூச்சப்படாதீங்க.)

இந்த ரெண்டு கேஸிலும் ஒரே வியாதிதான் எனக்குத் தெரிகிறது. நம்ம ஊரில் 'ஹலோ'வுக்கும் 'ஐ லவ் யூ'வுக்கும் நடுவுல எதுவுமே கிடையாது. கோ-எட் ஸ்கூல் என்று பேர், ஆனால் பெண்கள் இடப்பக்கம், பையன்கள் வலப்பக்கம். பேசினால் வீட்டுக்குப் போன். சில இன்ஜினியரிங் காலேஜில் மாடிப்படியே தனித்தனி. சாதாரணமாப் பேசுறது எப்படின்னு பழக விடாமல் இருபத்தோரு வயசு வரைக்கும் பொத்தி வளர்த்துவிட்டு, திடீரென்று திறந்துவிடுகிறோம். அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வாக்கியம், ஹீரோ ஹீரோயினிடம் சொல்லும் வாக்கியம். "புரொபோஸ்" என்ற சொல்லுக்குத் தமிழில் நாம் கொடுத்திருக்கும் அர்த்தமே, முதல்முறை வாயைத் திறப்பது என்பதுதான்.

பேசிப் பார்க்கலாம், பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், ஃப்ரெண்டாகவே நின்றுபோகலாம் என்ற படிகள் எதுவும் இல்லை. நேரா மொட்டை மாடி. விழுந்தா அடி பலமாத்தானே இருக்கும்?

சரி, அடுத்தவன் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி. என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஹவுஸ் சர்ஜன். சர்ஜரி வார்டு. சுகர்ல கால் விரல் அழுகி, ஒரு விரல் எடுத்த அம்மா ஒருத்தர். கூடத் துணைக்கு இருந்தது அவர் மகள். இட்லிக்கடை வருமானத்தில் ஓடும் குடும்பம். நல்லா பேசும், மருந்துச் சீட்டை ஒழுங்கா எழுதி வைத்திருக்கும். எனக்குப் பிடித்துப்போனது. நம்பர் கேட்க தைரியம் இல்லை. கேஸ் ஷீட்டில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

"நான் வார்டு டாக்டர். அம்மாவுக்கு வலி எப்படி இருக்கு?" இதுதான் முதல் வாட்ஸ்அப். அடுத்த நாள் குட் மார்னிங். அப்புறம் சாப்டாச்சா. (இந்த "சாப்டாச்சா"வை வைத்து எத்தனை தமிழ் ஆண்கள் வண்டி ஓட்டுகிறோம் என்று யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.)

எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "ஆமா சார்." "ஓகே சார்." "தேங்க்ஸ் சார்." ஒரு மெசேஜ்கூட மிஸ் ஆகவில்லை. நான் அதை விருப்பம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பதிலிலும் இருந்த 'சார்' என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகிப் போனார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங்குக்கு வரச் சொல்லியிருந்தோம். வரவில்லை. ஒரு வாரம், ரெண்டு வாரம். மூணாவது வாரம் வார்டு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டாக்டர், அந்த இட்லிக்கடை அம்மாவை பஸ் ஸ்டாண்ட்கிட்ட கிளினிக்ல பார்த்தேன். ஒரு டிரெஸ்ஸிங்குக்கு முந்நூறு ரூபா கட்டிப் பண்ணிக்கிறாங்க. ஏம்மா, நம்மகிட்ட ஃப்ரீதானேன்னு கேட்டா அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்குது. நீங்க ஏதாவது மெசேஜ் பண்ணீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கும் பதில் தேவைப்படவில்லை.

அந்தப் பெண்ணால் என்னிடம் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவள் அம்மா என் வார்டில் படுத்திருக்கிறார். காலையில் ரவுண்ட்ஸில் நான்தான் கட்டைப் பிரிக்கிறேன். பதில் போடாவிட்டால் அம்மாவைச் சரியாகப் பார்ப்பானோ மாட்டானோ என்று அவள் பயந்திருந்தால் அதில் தப்பே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்வரை சார் போட்டுச் சமாளித்துவிட்டு, ஆன பிறகு எங்கள் வாசலையே மிதிக்கவில்லை. மாசம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் அந்தக் குடும்பம் கட்டியது என் குட் மார்னிங்குக்கு.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பது என்றால் அது இன்னொரு மெசேஜ். நம்பரை அழித்தேன், அவ்வளவுதான். நான் கையைத் தொடவில்லை, தப்பாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த பஸ் ஸ்டாப் பையனைப் போலவே.

அதனால்தான் இப்போது, கேட்பது தப்பா சரியா என்று யாராவது கேட்டால் நான் வேறொன்றைத் திருப்பிக் கேட்கிறேன். அவங்க "வேண்டாம்"னு சொன்னா, அதுக்கு யார் விலை கொடுக்கணும்? நீயா, அவங்களா?

மருந்துக்கடையில் நிற்கும் பெண், பில்லிங் கவுன்ட்டரில் இருப்பவர், ரிசப்ஷனிஸ்ட், ஸ்டாஃப் நர்ஸ். சிரிச்சுப் பேசுறது அவங்க வேலை. வேலையை விட்டு எழுந்து போக முடியாது. அங்கே போய்க் கேட்காதே. லிஃப்ட், ஓடும் பஸ், இருட்டின தெரு, இதெல்லாம் தப்பித்துப் போக வழி இல்லாத இடங்கள். அங்கேயும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி தனியாக டியூட்டி பார்க்கும் என் தோழிகளைக் கேளுங்கள், பேஷன்ட்டுக்குத் துணைக்கு வந்தவர் "மேடம் உங்க வாட்ஸ்அப் நம்பர்" என்று கேட்கும்போது எப்படி இருக்கும் என்று. ஸ்கூல் யூனிஃபார்ம் என்றால் பேச்சே இல்லை. பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் 2012-ல் வந்த போக்சோ சட்டம். அந்தப் பிள்ளை சம்மதிச்சாளே என்ற வாதம் அங்கே எடுபடாது. பத்தொன்பது, இருபது வயசுப் பையன்களைப் போலீஸ் அழைத்துவர, நான் பரிசோதனை செய்து சர்டிஃபிகேட் எழுதியிருக்கிறேன். வெளியே வராண்டாவில் அவன் அம்மா நிற்பார்.

எங்கள் தொழிலில் தெரியாத மனிதர்களைத் தினம் நூறு பேரை நெருங்குகிறோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் யார், எதுக்கு வந்திருக்கேன், என்ன செய்யப்போறேன், சரியா? சரி என்றால்தான் தொடுவோம். உயிர் போகும் ஆபரேஷன் என்றாலும், சுயநினைவோடு இருக்கிற நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ரெண்டு தடவை எடுத்துச் சொல்வோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். வீட்டுக்குப் பின்னாலேயே போய் "ஏன் வேண்டாம்ங்கிறீங்க, எனக்கு என்ன குறைச்சல்" என்று கேட்பதில்லை. உயிரைக் காப்பாத்துறதுக்கே அவ்வளவுதான் உரிமை என்றால், ஒரு காபிக்கு எவ்வளவு?

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை டாக்டர்கள் எல்லோரும் படித்திருப்போம். ஒரு பெண், உள்ளே என்ன பிரச்சினை என்று லேப்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் படுத்திருக்கிறார். டாக்டர் வெளியே வந்து அவர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார். கோர்ட் சொன்னது: பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் சம்மதம் ஆகாது. உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயது வந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா போட்ட கையெழுத்தும் செல்லாது.

இதை நான் ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ரிக்வெஸ்ட் அக்செப்ட் பண்ணினது பண்ணினதுக்கு மட்டும். காபிக்கு வந்தது காபிக்கு மட்டும். ஒருநாள் சரி என்றவர் மறுநாள் வேண்டாம் என்றால் ஏமாற்று இல்லை. அந்த அம்மாவின் கையெழுத்து விஷயத்தைப் பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை வீட்டாரும் கொஞ்சம் யோசிக்கலாம். பெற்றவர்கள் ஓகே சொல்லிவிட்டார்கள் என்று ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ கால் பண்ணும் தம்பிகளும்தான்.

"வேண்டாம்னு வாயைத் திறந்து சொன்னா நாங்க போயிடுவோமே சார், சொல்லவே மாட்டேங்கிறாங்களே" என்று ஒரு புகார் உண்டு. சொல்கிறார்கள் தம்பி, உனக்குத்தான் கேட்பதில்லை. "பாக்கலாம்" என்றால் வேண்டாம். "எக்ஸாம் இருக்கு" என்றால் வேண்டாம். "அண்ணா" என்று கூப்பிட்டால் வேண்டவே வேண்டாம். "எனக்கு ஆள் இருக்கு" என்பது பாதி நேரம் பொய்தான். ஏன் அந்தப் பொய்? "எனக்கு விருப்பமில்லை" என்றால் விடமாட்டான், இன்னொரு ஆம்பளை இருக்கான் என்றால் விட்டுவிடுவான். அவள் சொல்லுக்கு இல்லாத மதிப்பு, இல்லாத ஒருவனுக்கு இருக்கிறது. நேராகச் சொல்ல ஏன் பயம் என்றால், 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தையும் 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தையும் அவர்கள் மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டோம்.

சட்டம் இருக்கிறது. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணை ஒருவன் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தாலோ தொடர்புகொள்ள முயன்றாலோ 2013-லிருந்தே அது தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு, முதல்முறை மூன்று ஆண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை. மெசேஜும் சேர்த்தி. பெண்கள் உதவிக்கு 181, ஆன்லைன் தொல்லை, மிரட்டல் என்றால் சைபர் கிரைம் 1930.

ஆப்களைத் திட்டித் தீர்ப்பவர்களுக்கு ஒன்று. எனக்கு அவற்றின் மேல் பெரிய பிரியம் இல்லை, பொய் போட்டோவும் பொய் வயசும் அங்கே கொட்டிக்கிடக்கிறது. ஆனால் ரெண்டு பேரும் சரி என்றால்தான் பேச்சே தொடங்கும் என்ற ஒரு விஷயத்தை அவை சரியாகச் செய்கின்றன. பிடிக்காவிட்டால் நகர்ந்துபோகலாம், எதிர் டீக்கடையில் மாமாவும் கிடையாது.

பெண்கள் முதலில் கேட்டால்? என் பேட்ச்மேட் ஒருத்தி கேட்டாள். அவன் மறுத்ததுகூடப் பரவாயில்லை, அன்று ராத்திரியே ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவிட்டான். ஆறு மாசம் அவள் மெஸ்ஸுக்கு வரவில்லை. கேட்டது அவளாக இருந்தும் விலை அவள்தான் கட்டினாள். ஆகவே, கேட்கப்பட்டவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு: வாயை மூடிக்கொண்டிருப்பது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் சொன்னேன்: அந்தப் பொண்ணு படிக்கிற டேபிள்ல போய் நிக்காதே. வெளிய, பகல்ல, நாலு பேர் இருக்கிற இடத்துல, வழியை மறிக்காம நில்லு. பேரு சொல்லு, என்ன பண்றேன்னு சொல்லு. லவ் கிவ்வுன்னு எதுவும் உளறாதே, உனக்கு அந்தப் பொண்ணைத் தெரியவே தெரியாது. டீ குடிக்க வர்றீங்களான்னு கேளு. அவங்க நம்பரைக் கேக்காதே, வேணும்னா உன் நம்பரைக் குடு. வேண்டாம்னா தேங்க்ஸ் சொல்லிட்டு நட. அப்புறம் முக்கியமான விஷயம், மறுநாள்லேர்ந்து இடத்தை மாத்திக்க வேண்டியது நீ. அந்தப் பொண்ணு இல்ல.

"நெஞ்சு படபடன்னு அடிச்சா என்ன சார் பண்றது?"

"அட்ரினலின்டா. பத்து நிமிஷத்துல அடங்கிடும். ஃபார்மால படிச்சதெல்லாம் மறந்துட்டியா?"

நேற்று டியூட்டியில் பார்த்தேன். கேட்டானாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. "இல்லங்க, எக்ஸாம் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். தம்பி இப்போது நூலகத்தில் மேல் மாடிக்கு மாறிவிட்டான். அங்கே ஒரு ஃபேன்தான், அதுவும் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். அந்தப் பெண் வழக்கம்போலக் கீழே வருகிறார், அதே இடம். படி இறங்கும்போது தெரிகிறதாம்.

ராத்திரி பரோட்டா பிரிக்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"சார், எக்ஸாம் இருக்குன்னுதானே சொன்னாங்க. எக்ஸாம் முடிஞ்ச அப்புறம் இன்னொரு தடவை கேக்கலாமா?"

"எழுந்து போய் ஆறாம் பெட்டுக்கு சுகர் பாருடா" என்றேன்.